ஓய்வும் இயக்கமும்: கீமோ சிகிச்சைக் காலத்தில் மென்பயிற்சி

நோயுற்றவரைக் காணச் செல்லும் நம்மவர், விடைபெறும் வேளையில் தவறாமல் கூறும் சொல் ஒன்றுண்டு. “ஒன்றும் செய்யாதீர்கள், நன்றாகப் படுத்து ஓய்வெடுங்கள்” என்பதே அது. அன்பிற் பிறந்த சொல் அது. காய்ச்சலுக்கும் அம்மைக்கும் பேறுகாலத்துக்கும் நம் பாட்டிமார் சொல்லிவந்த அதே சொல். ஆயினும், கீமோ சிகிச்சை பெற்றுவரும் ஒருவரிடம் அச்சொல்லை நான்கைந்து மாதங்கள் இடைவிடாமல் நாம் சொல்லி, அவரும் அதனை அப்படியே கடைப்பிடிப்பாரானால், நோயோடும் மருந்தோடும் மூன்றாவதாக ஒரு கேட்டினை நம் அன்பே சேர்த்துவிடும். அக்கேடு எவ்வாறு விளைகிறது, அதனைத் தவிர்க்க வீட்டளவில் என்ன செய்யலாம் என்பனவே இவ்வுரையின் பொருள்.

ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியுள்ள அவையில் மருத்துவப் பொருளொன்றை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் கூறவேண்டும். தாயோ பாட்டனாரோ புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் மாணவரை நம் வகுப்பறைகளில் நாம் காண்கிறோம். சிகிச்சைக்கென நீண்ட விடுப்பில் செல்லும் சக ஆசிரியர்களையும் அறிவோம். மருத்துவமனையில் ஆங்கிலத்தில் சொல்லப்படுவதை வீட்டில் தமிழில் எடுத்துரைக்கும் பொறுப்பு, பல குடும்பங்களில் பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் விழுகிறது. பாட்டி தமிழில் சொல்லும் வேதனையை மருத்துவருக்கு எடுத்துச் சொல்வதும் அதே பிள்ளைதான். அப்பிள்ளைக்குச் சொற்கள் வேண்டும். அவற்றைத் தருவதும் தமிழ்க் கல்வியின் பயன்களுள் ஒன்று என்றே நாம் கருதுகிறோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். பாடநூல்களில் வேதிச்சிகிச்சை என்றும் வேதிமருத்துவம் என்றும் வழங்கும் இதனை, மக்கள் வழக்கில் கீமோ என்றே கூறுகின்றனர். “அம்மாவுக்கு இன்று கீமோ” என்றால் விளங்காதவர் இல்லை. ஆகவே அச்சொல்லையே இவ்வுரையில் ஆள்கிறோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் இப்பெயரை உருவாக்கியபோது அவர் மனத்தில் இருந்தவை பெரும்பாலும் தொற்றுநோய்கள். வேதிப்பொருளால் நோய்க்கிருமியைத் தாக்குவது என்பதே அவர் கொண்ட பொருள். புற்றுநோய்க்கு வேதிமருந்து தரும் முயற்சி 1940களில்தான் தொடங்கிற்று. இன்றோ கீமோ என்றாலே புற்றுநோய் என்று பொருள் குறுகிவிட்டது.

இம்மருந்துகளுள் பெரும்பாலானவை, விரைந்து பிரிந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குகின்றன. புற்றணுக்கள் அத்தகையவை. ஆனால் நம் உடலில் நல்ல உயிரணுக்களிலும் விரைந்து பெருகுவன உள. மயிர்க்கால், வாய் குடல் ஆகியவற்றின் உட்படலம், இரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை ஆகியவை அவை. முடி உதிர்வதும், வாய் புண்ணாவதும், குமட்டலும் வயிற்றுப்போக்கும் உண்டாவதும், இரத்த அணுக்கள் குறைவதும் இதனாலேயே. மஜ்ஜை மீண்டெழக் காலம் வேண்டும் என்பதற்காகவே மருந்தைத் தொடர்ந்து தராமல் சுற்றுச் சுற்றாகத் தருகின்றனர். பல மருந்து முறைகளில் ஒரு சுற்று 21 நாள். சிலவற்றில் 14 நாள். வாரந்தோறும் தருவனவும் உண்டு.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை, இரத்தச் சோதனையில் அகப்படுபவை. எதிலும் அகப்படாத ஒன்றுண்டு. நோயாளிகள் மிகுதியாக முறையிடுவதும் அதையே. அதனை எச்சொல்லால் குறிப்பது?

தமிழில் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை. களைப்பு, சோர்வு, அசதி, அயர்ச்சி, தளர்ச்சி, ஓய்ச்சல் என அடுக்கலாம். அவை ஒன்றல்ல. வேலை செய்ததனால் வருவது களைப்பு. ஓரிரவு உறங்கினால் அது நீங்கும். சோர்வில் மனமும் கலந்திருக்கிறது. உடல் முழுதும் கனத்து, கையைத் தூக்கவே மனமில்லாமற் கிடப்பது அசதி. தசை வலுவிழந்து கால் தள்ளாடுவது தளர்ச்சி. கீமோ பெறுவோர் கூறுவது பெரும்பாலும் களைப்பன்று. எட்டு மணி நேரம் உறங்கி எழுந்தும் அது நீங்குவதில்லை என்கின்றனர். “குளித்துவிட்டு வந்தேன், மலையேறி வந்ததுபோல் இருக்கிறது” என்று ஒருவர் எம்மிடம் சொன்னார். பாட்டி “அசதியாக இருக்கிறது” என்றும் “கால் தளர்ந்துபோகிறது” என்றும் வேறுபடுத்திச் சொல்வதைப் பேரப்பிள்ளை ‘டயர்ட்’ என்னும் ஒரே ஆங்கிலச் சொல்லாகச் சுருக்கிவிட்டால், மருத்துவர் அறியவேண்டிய செய்தி இடையிலேயே தொலைந்துபோகிறது. ஏனெனில், அசதி இரத்தசோகையினால் வந்திருக்கலாம். கால் தளர்வது தசை மெலிந்ததனாலோ நரம்பு தாக்குண்டதனாலோ இருக்கலாம். காரணம் வேறாயின் செய்யவேண்டியதும் வேறாகும்.

இந்த அசதிக்கு ஓய்வே மருந்து என்று எண்ணுவது இயல்பு. ஆனால் ஓய்வு உடலை என்ன செய்கிறது என்பதை அறிய, புற்றுநோய்க்குத் தொடர்பில்லாத ஒரு பழைய ஆய்வை நினைவுகூர்வது பயன்தரும். 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நல்ல உடல்நலமுடைய இருபது வயது இளைஞர் ஐவரை மூன்று வாரங்கள் படுக்கையிலேயே கிடத்தினர். உயிர்வளியை ஏற்றுப் பயன்படுத்தும் அவர்களுடைய உச்சத்திறன், அந்த மூன்றே வாரங்களில் சராசரியாக நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, ஐம்பது வயதான அதே ஐவரை மீண்டும் அழைத்துச் சோதித்தனர். முப்பதாண்டு முதுமை குறைத்ததைவிட, இளமையில் மூன்று வாரப் படுக்கை குறைத்ததே மிகுதி என்று தெரியவந்தது.

நோயில்லாத இளைஞருக்கே இந்நிலை என்றால், பசியின்றி உண்ணும் ஐம்பத்தைந்து வயது அம்மையாரின் தசை என்னாகும்? அசதியினால் படுக்கிறார்; படுத்ததனால் தசை மெலிகிறது; மெலிந்த தசைக்குச் சிறு வேலையும் பெருஞ்சுமையாகிறது; அதனால் அசதி மிகுகிறது; மீண்டும் படுக்கிறார். செக்குமாடு சுற்றுவது போன்ற இச்சுழற்சியை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும். மருந்தை நிறுத்த இயலாது. நம் கைக்கு எட்டுவது இயக்கம் ஒன்றே.

இதனை முதலில் முறையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் தாதியர் என்பது குறிக்கத்தக்கது. நோயாளியின் படுக்கையருகே நாள் முழுதும் நிற்பவர்கள் அவர்களல்லவா? அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மேரி மெக்விகர், மேரில் வின்னிங்கம் என்னும் தாதியியல் ஆய்வாளர்களும் அவர்தம் குழுவினரும், கீமோ பெற்றுவந்த மார்பகப் புற்றுநோயாளிப் பெண்கள் 45 பேரை வைத்து நடத்திய ஆய்வு 1989இல் வெளியாயிற்று. நிலைமிதிவண்டியில் வாரம் மூன்று முறை, பத்து வாரங்கள் பயிற்சி செய்த பெண்களின் உடல்திறன், சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோதே உயர்ந்தது. நோயாளி அசையாதிருக்க வேண்டும் என்பதே பொதுக்கருத்தாக இருந்த காலம் அது என்பதை மறக்கலாகாது.

அதன்பின் ஆய்வுகள் பல வந்தன. அவற்றுள் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். கனடாவில் கெரி கோர்னியா தலைமையில் நடந்த ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. கீமோ பெற்ற பெண்கள் 242 பேர் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வழக்கமான பராமரிப்பை மட்டும் பெற்றனர். ஒரு பிரிவினர் நடை, மிதிவண்டி போன்ற மூச்சுப்பயிற்சிகளைச் செய்தனர். மற்றொரு பிரிவினர் எடைதூக்கித் தசையை வலுப்படுத்தும் பயிற்சிகளைச் செய்தனர். இவ்வாய்வு எதிர்பார்த்த முதன்மைப் பயன், அதாவது வாழ்க்கைத்தரம் தெளிவாக உயர்தல், கிட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் உடல்திறனும் தன்மதிப்பும் உயர்ந்தன. எதிர்பாராத ஒன்றும் நிகழ்ந்தது. தசைப்பயிற்சி செய்த பிரிவினர், திட்டமிட்ட மருந்தளவைக் குறைக்காமலும் தள்ளிப்போடாமலும் முடிப்பதில் மற்றவர்களைவிட முன்நின்றனர்.

இரண்டாவது, நெதர்லாந்தில் 230 பெண்களிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு. நம் வீடுகளுக்கு இதுவே நெருக்கமானது. இதிலும் மூன்று பிரிவுகள். ஒரு பிரிவினர் பயிற்றுநர் முன்னிலையில் சற்றுக் கடுமையான பயிற்சி செய்தனர். இன்னொரு பிரிவினர் வீட்டிலிருந்தபடியே, தாதியரின் ஊக்கத்தோடு, நடை முதலிய எளிய இயக்கத்தை நாள்தோறும் மேற்கொள்ள முயன்றனர். கடும்பயிற்சியினர் சிறந்த பயன் பெற்றதில் வியப்பில்லை. அவர்களுள் மருந்தளவைக் குறைக்க நேர்ந்தவர் 12 விழுக்காட்டினரே, ஏனைய இரு பிரிவுகளிலும் அது 34 விழுக்காடு. ஆனால் வீட்டளவில் மெல்ல நடந்தவர்களுக்கும் உடல்திறன் வீழ்ச்சி குறைந்தது. குமட்டலும் வலியும் குறைந்தன. பயிற்சிக்கூடத்துக்குச் செல்ல வழியில்லாதவருக்கும் வாயில் திறந்திருக்கிறது என்பதே இதன் செய்தி. மென்பயிற்சியால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நாம் கூறவில்லை. ஒன்றும் செய்யாதிருப்பதைவிட மேல் என்பது உறுதி.

இத்தகைய சான்றுகளின் அடிப்படையில் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய வல்லுநர் குழு, 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் புற்றுநோயாளிகள் செயலற்றிருத்தலைத் தவிர்க்கவேண்டும் என்று கூறிற்று. 2019இல் இன்னும் தெளிவாக, வாரம் மூன்று முறை அரைமணி நேர மிதமான மூச்சுப்பயிற்சி, வாரம் இருமுறை தசைப்பயிற்சி என்று அளவும் குறித்தது. குணமாக்கும் நோக்குடைய சிகிச்சையின்போது பயிற்சியைப் பரிந்துரைக்குமாறு அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2022இல் தன் மருத்துவர்களுக்கு எடுத்துரைத்தது. அரைமணி என்ற எண்ணைக் கேட்டு எவரும் அஞ்சவேண்டியதில்லை. அது சென்றடையவேண்டிய இடம். தொடங்கும் இடம் ஐந்து நிமிடமாக இருக்கலாம். அந்த ஐந்தையும் இரண்டாகப் பகுத்துக்கொள்ளலாம்.

எம்முடன் பல்லாண்டு பணியாற்றிய தமிழாசிரியை ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல விழைகிறோம். மார்பக அறுவைக்குப் பின் அவருக்கு ஆறு சுற்றுக் கீமோ தரப்பட்டது. மகளும் மருமகனும் அவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தனர். தண்ணீர்க் குவளையைக்கூட எடுத்துக் கையில் கொடுத்தனர். நாமும் சென்றபோதெல்லாம் “படுத்திருங்கள் அம்மா” என்றே சொல்லி வந்தோம். மூன்றாம் சுற்று முடிந்தபோது, தாழ்ந்த சோபாவிலிருந்து கைகொடுத்துத் தூக்கிவிடாமல் அவரால் எழ முடியவில்லை. கழிவறையிலும் அதே நிலை. முடி உதிர்ந்ததைவிட அதுவே தம்மை அழவைத்தது என்று பின்னாளில் கூறினார். பிறர் உதவியின்றிக் கழிவறையில் எழுவது என்பது மனிதரின் மானத்தோடு தொடர்புடையது அல்லவா?

அவருக்கு இயன்முறைச் சிகிச்சையாளர் சொல்லித்தந்த முதற்பயிற்சி மிக எளியது: நாற்காலியில் அமர்ந்து எழுதல். கைப்பிடியில்லாத, ஆட்டம் காணாத, முழங்கால் உயரமுள்ள நாற்காலியைச் சுவரில் அண்டக் கொடுத்து வைக்கவேண்டும். இருக்கையின் முன்விளிம்பில் அமர்ந்து, பாதங்களை இடுப்பளவு அகற்றித் தரையில் நன்கு ஊன்றி, உடலைச் சற்று முன்சாய்த்து, மூச்சை வெளிவிட்டபடி எழவேண்டும். பின் பொத்தென விழாமல் மெல்ல அமரவேண்டும். அந்த மெல்ல அமர்தலும் தொடைக்குப் பயிற்சியே. தொடக்கத்தில் முன்னே உணவுமேசையைப் பிடித்துக்கொள்ளலாம். நாற்காலியின்மேல் ஒரு தலையணையை இட்டு உயர்த்திக்கொள்ளலாம். அம்மையார் முதல்நாள் மூன்று முறை எழுந்தார். பிறகு ஒவ்வொரு முறை எழும்போதும் ஒரு குறளைச் சொல்லத் தொடங்கினார். நான்காம் சுற்றின் இறுதியில் ஓர் அதிகாரம் முடிந்தது. அதாவது பத்து முறை. இடையில் மூன்றாம் குறளிலேயே நின்றுவிட்ட நாள்களும் உண்டு.

பயிற்சி அளவோடு இருக்கிறதா என்று அறியவும் அதே குறள் உதவிற்று. நடக்கும்போது பேச முடியவேண்டும், ஆனால் பாட இயலக்கூடாது. அதுவே மிதமான அளவு என்று பயிற்றுநர் கூறுவர். ஒரு குறளை மூச்சு இடறாமல் சொல்ல முடிந்தால் சரியான வேகம். முதலடியின் நடுவிலேயே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்கவேண்டும். நாடித்துடிப்பை எண்ணுவதைவிட இது எளிது. இரத்தசோகையினாலும் சில மருந்துகளினாலும் நாடித்துடிப்பு இயல்பாகவே விரைந்திருக்கக்கூடும் என்பதால், கைக்கடிகாரம் காட்டும் எண்ணை முழுதும் நம்புவதற்கில்லை.

அடுத்து நடை. நம் நாட்டில் பகல் வெப்பநிலை 31, 32 பாகையைத் தொடுவது அன்றாட நிகழ்ச்சி. காற்றில் ஈரப்பதமும் மிகுதி. வயிற்றுப்போக்கினாலோ வாந்தியினாலோ நீரிழந்த உடலுக்கு நண்பகல் வெயில் ஆகாது. சில கீமோ மருந்துகள் தோலை வெயிலுக்கு எளிதில் கருகச் செய்வனவும் கூட. ஆகவே காலை எட்டு மணிக்கு முன்னரோ மாலை ஆறுக்குப் பின்னரோ நடப்பது நன்று. புகைமூட்டம் சூழ்ந்த நாள்களில் வெளியே செல்லாதிருப்பதே முறை. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வது இவ்வகையில் ஒரு வாய்ப்பு. வீட்டு வாசலையொட்டிய பொதுத்தாழ்வாரம், நிழலும் சமதரையும் உடைய நடைபாதை அன்றி வேறென்ன? இந்த வீட்டிலிருந்து மின்தூக்கி வரை சென்று திரும்புவது ஒரு சுற்று. அசதி மிகுந்த நாளில் ஒரு சுற்று போதும். வாசற்படிக்கு மீள்வது எந்நேரமும் எளிது. வலுக்கூடியபின் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு இறங்கலாம். அங்கே அமர்வதற்குக் கல்லிருக்கைகளும் இருக்கின்றன. பேசுவதற்கு அண்டைவீட்டாரும் இருக்கின்றனர். பூங்கா இணைப்புப் பாதைகள் அதற்கும் அப்பாற்பட்ட நிலை.

எந்நாளில் எவ்வளவு என்பதில் கருத்து வேண்டும். 21 நாள் சுற்றை ஒரு மாதப் பாட்டின் ஏற்ற இறக்கம் போலக் கொள்ளலாம். மருந்தேறிய மறுநாளிலிருந்து மூன்று நான்கு நாள் குமட்டலும் அசதியும் மிகுந்திருப்பது பலருக்கு வழக்கம். அந்நாள்களில் படுக்கையிலேயே கணுக்காலை மேலும் கீழும் அசைப்பதும், தோளைச் சுழற்றுவதும், அறைக்குள் நாலெட்டு நடப்பதும் போதும். ஏறத்தாழ ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும். அவர் அப்போது ஓரளவு தெம்பாகவே உணரலாம். ஆனால் தொற்றுநோயைத் தடுக்கும் காவல் அந்நாள்களில் தளர்ந்திருக்கிறது. வீட்டில் நடக்கலாம், தாழ்வாரத்தில் நடக்கலாம். நெரிசலான பேரங்காடிக்கும் நீச்சற்குளத்துக்கும் பொதுப் பயிற்சிக்கூடத்துக்கும் செல்லலாகாது. மூன்றாம் வாரம் உடல் மீளும் வாரம். பயிற்சியைக் கூட்டவேண்டிய காலம் அதுவே. பலர் அந்த நல்ல வாரத்தையும், “அடுத்த கீமோவுக்குத் தெம்பு சேர்க்கிறேன்” என்று படுக்கையில் கழித்துவிடுகின்றனர். தெம்பு என்பது உண்டியலில் இடும் காசன்று, செலவழித்தால்தான் சேர்வது.

தசைப்பயிற்சிக்குச் சிறப்புக் கருவிகள் வேண்டா. அரைலிட்டர் தண்ணீர்ப் போத்தல் இரண்டை முழங்கை மடக்கித் தூக்குவதும், சுவரில் கைகளை ஊன்றி முன்சாய்ந்து தள்ளுவதும், சமையலறை மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவதும் போதிய தொடக்கம். அறுவை செய்த பக்கத்துக் கையை உயர்த்துவதில் மட்டும் அறுவை மருத்துவரின் சொல்லைக் கேட்டே தொடங்கவேண்டும்.

இனி எச்சரிக்கைகள். இப்பகுதியை மாணவர்கள் கவனமாகக் கேட்கவேண்டும். ஏனெனில் வீட்டில் அருகிருப்பவர் நீங்களாக இருக்கலாம்.

காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் பயிற்சியைப் பற்றிய பேச்சே இல்லை. அது இரவு இரண்டு மணியாயினும் மருத்துவமனையை அழைக்கவேண்டிய நேரம். கீமோ பெறுபவருக்குக் காய்ச்சல் என்பது வெறும் காய்ச்சலன்று. வெள்ளணுக்கள் குறைந்த உடலில் தொற்று சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஊறாகக்கூடும். காய்ச்சல் மாத்திரை கொடுத்துக் காலைவரை பார்ப்போம் என்று காத்திருப்பது பெரும்பிழை. நெஞ்சுவலி, இருந்த இடத்திலேயே மூச்சுத்திணறல், தலைசுற்றி மயங்குதல், ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கம் ஆகியவையும் உடனே மருத்துவரை நாடவேண்டிய குறிகள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ நிற்காத நாளில் பயிற்சி கூடாது.

இரத்தச் சோதனைத் தாளில் பார்க்கவேண்டிய எண்கள் சிலவும் உள. இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் இயல்பில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை இலட்சத்துக்கு மேலிருக்கும். அவை 50,000க்குக் கீழே இறங்கினால் எடைதூக்குவதையும் விழுந்து அடிபடக்கூடிய பயிற்சிகளையும் நிறுத்திவைக்குமாறு பொதுவாகக் கூறுவர். இன்னும் குறைந்தால் மருத்துவர் சொல்லும் அளவு மட்டுமே. ஹீமோகுளோபின் 8க்குக் கீழ் என்றாலும் மருத்துவரைக் கேட்காமல் தொடரலாகாது. எலும்புக்குப் பரவிய புற்றுநோய் உடையவர்கள் முதுகை முறுக்குவதும் பளு தூக்குவதும் எலும்பு முறிவில் முடியலாம்; அவர்களுக்கான பயிற்சியை வல்லுநரே வகுக்கவேண்டும். கையின் வழியே நீள்குழாய் பொருத்தியிருப்போர் நீந்தலாகாது. டோக்ஸோரூபிசின் போன்ற சில மருந்துகள் இதயத்தைத் தாக்கக்கூடியவை. அவற்றைப் பெறுவோர், வேகத்தைக் கூட்டுமுன் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்பது தக்கது.

நரம்பு மரத்துப்போதலைத் தனியே சொல்லவேண்டும். பேக்லிடாக்செல், ஆக்சாலிபிளாட்டின், வின்கிரிஸ்டின் முதலிய மருந்துகளால் கால்விரல் நுனியும் கைவிரல் நுனியும் மரத்துப்போகின்றன. “செருப்பு கழன்றதே தெரியவில்லை” என்பர். தரையை உணராத கால் எளிதில் இடறும். வீட்டில் வெறுங்காலோடு நடப்பது நம் வழக்கம். மரத்த காலுக்கு அது தகாது. கால் கீறியதும் தெரியாது, கீறலில் தொற்று நுழைந்ததும் தெரியாது. குதிகாலை இறுகப் பற்றும் மென்மையான காலணியை வீட்டுக்குள்ளேயே அணியவேண்டும். அத்தகையோர் நடைவேகத்தைவிடச் சமநிலைக்கே முதலிடம் தரவேண்டும். மேடையைப் பிடித்தபடி ஒருகாலில் பத்து எண்ணும்வரை நிற்பது நல்ல பயிற்சி. அருகில் ஒருவர் இருப்பது நலம். ஆக்சாலிபிளாட்டின் பெறுவோருக்குக் குளிர்ந்த பொருளைத் தொட்டாலே ஊசி குத்துவதுபோல் இருக்கும். குளிரூட்டப்பட்ட பேரங்காடி நடை அவர்களுக்கு மருந்தேறிய முதல் சில நாள்களில் ஒத்துவராது.

இவற்றையெல்லாம் கேட்டபின், “இத்தனை ஆபத்து உண்டென்றால் சும்மா இருப்பதே மேலன்றோ?” என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினா. ஆனால் சும்மா இருப்பதற்கும் ஆபத்து உண்டு. அது சத்தமின்றி வருவதால் நாம் கணக்கில் எடுப்பதில்லை. நடந்து விழுந்தால் குற்றம் நடைமேல் சுமத்தப்படுகிறது. நடக்காமல் மெலிந்து விழுந்தால் குற்றம் நோயின்மேல் சுமத்தப்படுகிறது. அதற்காக ஓய்வு வேண்டா என்பது எம் கருத்தன்று. உறக்கம் தேவை, பகலில் அரைமணி கண்ணயர்வதும் தேவை. கிடத்தல் ஓய்வுக்கு ஒரு வடிவமே தவிர அதன் முழுப்பொருள் அன்று.

குடும்பத்தார்க்கும் ஒரு சொல். வீட்டு வேலை முழுவதையும் நோயாளியின் கையிலிருந்து பறித்துக்கொள்வது நம்மிடையே பாசத்தின் அடையாளமாக விளங்குகிறது. குளியலறையைத் தேய்ப்பதையும், சந்தைப்பையைச் சுமப்பதையும், குப்பை அள்ளுவதையும் பறித்துக்கொள்ளுங்கள். கீரை ஆய்வதையும், துணி மடிப்பதையும், விளக்கேற்றுவதையும் விட்டுவையுங்கள். அவை கைக்கும் விரலுக்கும் பயிற்சி. “இவ்வீட்டில் எனக்கு இன்னும் இடமுண்டு” என்னும் உணர்வும் அவற்றோடு சேர்ந்தே வருகிறது. மாணவர்களே, அம்மாவைப் “போய் நடந்துவிட்டு வாருங்கள்” என்று ஏவாதீர்கள்; “வாருங்கள் அம்மா, மின்தூக்கி வரை போய்வருவோம்” என்று உடன் செல்லுங்கள். அவர் மறுக்கும் நாளில் வற்புறுத்தாதீர்கள். மறுநாள் மீண்டும் கேளுங்கள். ஒரு பழைய நாட்குறிப்பேட்டில் நாள், எத்தனை சுற்று, எப்படி இருந்தது என்று ஒருவரி எழுதிவைத்தால், அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது அது பத்துக் கேள்விகளுக்கு விடைசொல்லும். தமிழிலேயே எழுதுங்கள், அசதி, தளர்ச்சி, களைப்பு ஆகியவற்றை வேறுபடுத்தி எழுதுங்கள்.

தொடங்குமுன் கேட்கவேண்டியவர் புற்றுநோய் மருத்துவர். வழிகாட்டவேண்டியவர் இயன்முறைச் சிகிச்சையாளர். மருத்துவமனைகளில் இப்பிரிவு உண்டு. 1964 முதல் இயங்கிவரும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கமும் மறுவாழ்வுப் பயிற்சிகளை நடத்துகிறது. “நான் உடற்பயிற்சி செய்யலாமா?” என்ற கேள்வியை நோயாளிகள் தாமாகக் கேட்கத் தயங்குகின்றனர்; மருத்துவரும் நெரிசலான நேரத்தில் மறந்துவிடுவதுண்டு. இக்கேள்வியை ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டுசெல்வது நல்லது.

மேலே குறித்த தமிழாசிரியை ஆறாம் சுற்றையும் திட்டமிட்ட நாளிலேயே முடித்தார். பயிற்சியினால்தான் முடிந்தது என்று நாம் துணிந்து கூறோம். ஒருவர் கதை ஆய்வாகாது. அடுத்த தைப்பொங்கலன்று பள்ளிக்கு வந்தவர், கோலமிடும் மாணவியரோடு தரையில் அமர்ந்தார். எழும்போது நாம் கைநீட்டினோம். வேண்டாம் என்று தலையசைத்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, முழங்கால் மடித்துத் தாமே எழுந்தார். கால்விரல் மரப்பு மட்டும் அவருக்கு இன்னும் முழுதாக நீங்கவில்லை. மாலைதோறும் தாழ்வாரத்தில் கைப்பிடிச் சுவரை ஒட்டியே நடக்கிறார், பத்துச் சுற்று.